கைக்கு அளவெடுத்த கத்திப் பிடி

பெரம்பலூர் மாவட்டத்துச் சமையலறையில் கத்திக்கு முதல் வேலை சின்ன வெங்காயம். செட்டிகுளம் பக்கம் விளைவது எங்கள் சந்தைகளில் வந்து குவியும். எறையூரில் எங்கள் வீட்டில் சாம்பாரோ, வத்தக்குழம்போ, கறிக்குழம்போ, எதுவானாலும் உரித்த வெங்காயம் ஒரு கிண்ணம் வேண்டும். விசேஷம் என்றால் கூடைக்கணக்கு. தலையை நறுக்கி, வாலை நறுக்கி, கத்தி முனையால் தோலை நெம்பி இழுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். ஒவ்வொரு காய்க்கும் கத்தி கைக்குள் ஒருமுறை புரண்டு வரும். கடைக் கத்தியின் வழுவழுப்பான பிளாஸ்டிக் பிடியோடு அரை மணி நேரம் உரித்தால் சுட்டுவிரலின் அடியில் எரிச்சல் எடுத்துவிடும். என் மாமியாருக்கு விரல் மூட்டுகளில் வீக்கம் வேறு. "கத்தி நல்லாத்தான் வெட்டுது. பிடிதாம்மா கையில நிக்க மாட்டேங்குது" என்று அத்தை சொன்ன பிறகுதான் அந்தப் பிடியை நான் உற்றுப் பார்த்தேன். அதிலிருந்து வீட்டுக் கத்திகளுக்கும், கேட்டுக் கொண்டுவந்த உறவுக்காரர்களின் கத்திகளுக்கும் மரப்பிடி போட்டு வருகிறேன்.

நம் வீடுகளில் காய் நறுக்கிய கருவி அரிவாள்மனை. அதற்குப் பிடியே கிடையாது. பலகையைக் காலால் அழுத்திக்கொண்டால் அலகு அசையாமல் நிற்கும்; இரண்டு கையும் காயைப் பிடிக்கும். சமையல் தரையிலிருந்து மேடைக்கு ஏறியபோது கத்தி கைக்கு வந்தது. அந்தக் கத்திகளின் பிடி, காயைப் பலகையில் வைத்து மேலிருந்து அழுத்தி நறுக்கும் கைக்காக வடிவமைக்கப்பட்டது. நாம் பெரும்பாலும் பலகையைத் தேடுவதில்லை. காயை இடக்கையில் வைத்து, கட்டைவிரலை எதிரே கொடுத்து, அலகை நம்மை நோக்கி இழுத்து நறுக்குகிறோம். கத்தரி, அவரை, வெண்டை, வெங்காயம் எல்லாம் அப்படித்தான் சட்டியில் விழுகின்றன. வேலை வேறு, பிடி வேறாக இருப்பதால் வரும் வலி அது. ஆகவே பிடி செய்யப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மரத்தை அல்ல, அந்தக் கை எப்படி நறுக்குகிறது என்பதை.

2022 நவம்பரில் எங்கள் ஊர் சிப்காட்டில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். செருப்பு வாங்கப் போனால் காலுக்கு என்ன நம்பர் என்று கேட்கிறார்கள். கத்தி வாங்கப் போனால் கையின் அளவை ஒருவரும் கேட்பதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கும், கல்யாண வீட்டுச் சமையல்காரருக்கும், மூட்டு வீங்கிய பாட்டிக்கும் ஒரே பிடிதான்.

அளவெடுப்பது எளிது. கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் குறுக்கு அகலத்தைத் தையல் நாடாவால் அளக்க வேண்டும். சின்னக் கத்திக்குப் பிடியின் நீளம் அதைவிட மூன்று, நான்கு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். பருமனுக்கு நான் வைத்திருக்கும் சோதனை இது: பிடியைச் சுற்றி விரல்களை மூடும்போது நடுவிரலின் நுனி உள்ளங்கையில் போய் முட்டினால் பிடி மெலிந்தது. நுனிக்கும் கட்டைவிரல் மேட்டுக்கும் இடையே ஒரு விரல் அகலத்துக்கு மேல் வெளி இருந்தால் பருத்தது. மூட்டு வலி உள்ளவர்களுக்குக் கொஞ்சம் பருத்த பக்கமே நல்லது. விரலை முழுதாக மடக்கச் சொல்வதுதான் அவர்களுக்குத் தண்டனை.

அளவு தெரிந்ததும் மரத்தில் கை வைக்காமல் ஒரு மாதிரி செய்து பார்க்க வேண்டும். கல்யாண முருங்கைக் கட்டை இதற்கு அருமை, பேனாக்கத்தியிலேயே சீவலாம். களிமண்ணும் உதவும். ஒரு குச்சியில் களிமண்ணை அப்பி, கொஞ்சம் இறுகியதும் கையில் கொடுத்து, வெங்காயம் உரிப்பதுபோலப் பிடிக்கச் சொன்னால் கை எங்கே அழுத்துகிறது, எங்கே தொடவே இல்லை என்பது அப்படியே பதிந்துவிடும். அந்தப் பதிவைப் பார்த்துப் பருமனைத் தீர்மானிக்கலாம். ஆனால் விரல் தடங்களை மரத்தில் பள்ளம் பள்ளமாகச் செதுக்கக் கூடாது. கடைகளில் அப்படி விரல்பள்ளம் வைத்த பிடிகள் பார்க்க வசதிபோலத் தெரியும். அவை ஒரே ஒரு பிடிப்புக்குத்தான் இடம் தரும். தோல் சீவும்போது ஒரு பிடிப்பு, குடைமிளகாயின் காம்பைக் குடைந்து எடுக்கும்போது இன்னொன்று, பலகையில் கொத்தமல்லி நறுக்கும்போது வேறொன்று. கை நகர்ந்துகொண்டே இருக்கும். பிடி அதற்கு வழிவிட வேண்டும்.

உருவத்தில் நான் கடைசியில் நிலைத்தது இப்படி. அலகை ஒட்டிய முன்பகுதி மெலிந்திருக்கும், சுட்டுவிரல் மடங்கி உட்கார. நடுவில் மெல்லப் பருத்து உள்ளங்கையை நிரப்பும். முடிவுக்கு முன் லேசாக ஒடுங்கி, கடைசியில் சிறு குமிழாக முடியும். இந்தக் குமிழை எங்கள் ஊர்க் கரும்பு வெட்டுகிறவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எறையூரில் சர்க்கரை ஆலை இருப்பதால் அரவைக் காலத்தில் சுற்றுவட்டக் கொல்லைகளில் வெட்டு நடக்கும். அவர்கள் கத்திப் பிடியின் அடி கொஞ்சம் பருத்து வளைந்திருக்கும். மேலே துணியோ சைக்கிள் டியூபோ சுற்றியிருப்பார்கள். வியர்த்த கையிலிருந்து வீச்சில் கத்தி நழுவாமல் இருப்பதற்காகச் செய்தது. அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அடியில் தடுப்பு இருக்கும் பிடியை இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. தளர்வாகப் பிடித்தாலும் நிற்கும். அத்தையின் விரல்களுக்குப் பருமனைவிட இதுதான் அதிகம் உதவியது.

குறுக்கே வெட்டிப் பார்த்தால் பிடி வட்டமாக இருக்கவே கூடாது. வட்டப் பிடி கைக்குள் சுழலும், கூர் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியாது. முட்டை வடிவம் நல்லது. அதில் அகன்ற பக்கம் கத்தியின் முதுகுப் பக்கமாக இருக்கட்டும். விசை விழுவது அங்கேதான். ஜப்பானியச் சமையல் கத்திகளில் எட்டுப் பட்டைப் பிடியும், ஒரு பக்கம் மட்டும் விளிம்பு எழுந்த பிடியும் உண்டு. இரண்டும் பார்க்காமலே கூரின் திசையைக் கைக்குச் சொல்பவை. இரண்டாவது வகை வலக்கைக்காரருக்கு என்றே செய்வது. வீட்டில் இடக்கைப் பழக்கம் உள்ளவர் இருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும். இன்னொரு சிறு வேலையும் உண்டு. பிடியை ஒட்டி, அலகின் முதுகு விளிம்பு பல கத்திகளில் சதுரமாகக் கூர்த்து நிற்கும். சுட்டுவிரலில் காய்ப்பு விழுவது பெரும்பாலும் அதனால்தான். நுண் அரத்தால் அந்த விளிம்பை இரண்டு அங்குல நீளத்துக்கு உருட்டிவிட்டு உப்புத்தாளால் தேய்த்தால், பிடியை மாற்றாமலே பாதி வலி போய்விடும்.

இனி மரம். இதில் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குக் கொடுப்பினை இருக்கிறது. பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் வாகனங்களும், சாமி உருவங்களும், நிலைக்கதவு வேலைப்பாடுகளும் அங்கே உருவாகின்றன. ஒரு சிற்பத்தை ஒரே கட்டையில் செதுக்குவது அவர்கள் மரபு. கட்டையைச் சுற்றிலும் அறுத்துத் தள்ளும் துண்டுகள் பட்டறை ஓரத்தில் கிடக்கும். சிற்பத்துக்கு உதவாத அந்தத் துண்டில் கத்திப் பிடி நன்றாக வரும். முதலில் போனபோது ஈட்டி மரம் கேட்டேன். பட்டறையில் இருந்த ஆசாரி, "கத்திப் பிடிக்கு ஈட்டி எதுக்கும்மா? வாகையில வைரம் பாஞ்ச துண்டா எடுத்துக்க. கனமும் அளவா இருக்கும், செலவும் அளவா இருக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. ஈட்டிக்குத் தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டிலேயே தனிப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டப்படி, சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது என்றிருந்தது. ஒரு சாண் பிடிக்காக அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

வாகையில் கருத்த நடுப்பகுதியாகிய வைரத்தையே எடுக்க வேண்டும். ஓரத்து வெளுத்த பகுதியில் பூச்சி விழுந்து உளுத்துப்போகும். வாகையை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் கிளம்பும் தூள் கடுமையாகத் தும்மல் வரவைக்கும். மூக்கையும் வாயையும் நன்றாக மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, காற்று போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து தேய்க்க வேண்டும். வாகை கிடைக்காவிட்டால் கருவேலம். ஏர், வண்டி, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் நம் ஆட்கள் நம்பிய மரம் அது. புளியின் வைரம் இரும்புபோல இருக்கும், அரத்தையே சோதிக்கும்; பொறுமை உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். கொய்யாவின் நார் நெருக்கமானது, கைக்கு இதமாக இருக்கும். தோட்டத்தில் பட்டுப்போன கொய்யாக் கிளை இருந்தால் விறகாக்க வேண்டாம். பனை வைரம் அழகு, ஆனால் சிலாம்பு ஏறும். மாமரம் பிடிக்கு மென்மை. அரளி, எட்டி இரண்டும் விஷ மரங்கள். சமையல் கத்தியின் பக்கமே அவை வரக்கூடாது.

எந்த மரமானாலும் பச்சையாக இருக்கக் கூடாது. காயாத மரத்தில் போட்ட பிடி சித்திரை வெயிலில் சுருங்கி, அதன் வாயில் மாட்டிய உலோகப் பூணைவிட்டுக் கழன்றுவிடும். மரம் வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் வட்டமாகக் கடைந்த பச்சை மரம் காய்ந்ததும் கோணிப்போகிறது. துண்டின் இரு முனைகளிலும் உருக்கிய மெழுகைத் தடவி, நிழலில், தரையில் படாமல் வைக்க வேண்டும். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். அங்கே மூடினால் பிளவு விழாது. காய்ந்ததா என்று அறியச் சமையலறைத் தராசே போதும். வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் மரம் தயார்.

பிடி பொருத்துவது கத்தியின் வகையைப் பொறுத்தது. கொல்லர் அடித்த கத்திகளில் அலகின் பின்னால் கூரிய வால் ஒன்று நீண்டிருக்கும். அது மரத்துக்குள் நுழைந்து நிற்க வேண்டும். மரத்தின் நடுவில் வாலைவிடக் கொஞ்சம் சிறிதாகத் துளையிட்டு, வாலை மட்டும் காய்ச்சி மெல்ல அழுத்தினால், தனக்கு வேண்டிய இடத்தைத் தானே எரித்துக்கொண்டு உள்ளே போகும். அப்போது அலகு முழுவதும் ஈரத்துணி சுற்றியிருக்க வேண்டும். அலகு நீலம் பூக்கும் அளவுக்குச் சூடேறினால் அதன் பதம் போய்விடும், அப்புறம் எத்தனை முறை சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. இந்த வேலையைக் கொல்லுப்பட்டறையிலேயே செய்து வாங்குவது நல்லது. "அண்ணே, அலகுல துணி சுத்திக்கங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி வைப்பதில் தவறில்லை.

துளை அமைந்ததும் கரியைச் சுரண்டிவிட்டு, அரக்குத் தூளைப் போட்டு, இளஞ்சூடான வாலை இறக்க வேண்டும். பழைய முறை இது. அரக்கு கொதிநீரின் சூட்டுக்கும் கீழேயே இளகிவிடும் என்பது அதன் குறை. அதுவே அதன் நன்மையும். பத்து வருடம் கழித்துப் பிடி பழுதானால் சூடுகாட்டிக் கழற்றிப் புதுப்பிடி போடலாம். அரால்டைட் போன்ற இருகலவைப் பசையில் ஒட்டியதை அவ்வளவு எளிதில் கழற்ற முடியாது. பிடியின் வாயில் பூண் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் வால் ஆப்புபோல் நின்று மரத்தைப் பிளந்துவிடும். பழைய பித்தளைக் குழாயில் ஒரு விரல் அகலத் துண்டு அறுத்தால் அருமையான பூண். மரத்தின் முனையைக் கொஞ்சம் சரிவாகச் சீவி, பூணைத் தட்டி ஏற்ற வேண்டும்.

கடைக் கத்திகள் பலவற்றில் இரும்பே பிடியின் முழு நீளத்துக்கும் பட்டையாக வரும். இருபுறமும் பிளாஸ்டிக் வைத்து ஆணி அடித்திருப்பார்கள். ஆணித் தலையை அராவி எடுத்தால் பிளாஸ்டிக் கழன்றுவிடும், இரும்பில் துளைகள் தயாராக இருக்கும். ஒரே துண்டை நடுவில் பிளந்து இரு பட்டைகள் எடுத்தால் இரண்டு பக்கமும் ரேகை பொருந்தி வரும். இங்கே வரிசை முக்கியம். அலகை ஒட்டி வரும் பட்டைகளின் முன்விளிம்பை ஒட்டுவதற்கு முன்பே உருட்டி, வழுவழுப்பாக்கி முடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு அந்த இடத்தில் உப்புத்தாள் போட்டால் அலகு முழுக்கக் கீறல் விழும். இரும்பையும் மரத்தின் உள்பக்கத்தையும் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, பசை தடவி, துளைகளில் பித்தளைக் கம்பி செருகி, கிளாம்ப் போட வேண்டும். பலம் கொண்ட மட்டும் திருகக் கூடாது. திருகினால் பசையெல்லாம் வெளியே வழிந்து, உள்ளே ஒட்ட ஒன்றும் மிஞ்சாது. ஒரு முழு நாள் தொடாமல் விட வேண்டும். இத்தனை வேலையிலும் அலகின் கூர்ப்பக்கத்தில் அட்டை மடித்து வைத்து டேப் சுற்றியிருக்க வேண்டும்.

பிடிகள் எப்படிச் சாகின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் மரம் காரணமில்லை, துருதான். பூணுக்கும் வாலுக்கும் இடையே மயிரிழை வெளி இருந்தால் தண்ணீர் இறங்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளேயே வீங்கி மரத்தைப் பிளக்கும். ஆகவே அந்த வாய்ப்பகுதியை அரக்காலோ பசையாலோ முழுதாக அடைப்பதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. பிடியின் மற்ற எந்த அழகைவிடவும் இந்த ஓர் அடைப்பு முக்கியம் என்பது என் முடிவு.

உருவம் கொடுக்க முதலில் மர அரம், பிறகு 80, 120, 220 என்று உப்புத்தாள். கையில் அடிக்கடி பிடித்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும், முடிந்தால் யாருக்காகச் செய்கிறோமோ அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்க வேண்டும். 220 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் மரத்தின் நார் மயிர்போல எழுந்து நிற்கும். காய்ந்தபின் 400-இல் மெல்லத் தேய்த்தால் அது போய்விடும், அப்புறம் தண்ணீர் பட்டாலும் சொரசொரக்காது. அதோடு நிறுத்திவிடுங்கள். கண்ணாடிபோலப் பளபளக்கும் பிடி, மீன் கழுவிய கையில் வழுக்கும்.

எண்ணெய் விஷயத்தில் நம் வீட்டுப் பழக்கம் சரிவராது. தேங்காய் எண்ணெய் காயவே காயாது, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். விளக்கெண்ணெயும் அப்படியே. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும் இனம். உணவுக்கு விற்பதை வாங்குங்கள். பெயின்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய வகையில், வேகமாகக் காய உலோகச் சேர்மங்கள் கலந்திருக்கும். மெல்லியதாகப் பூசி, அரை மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்து, சில நாள் காயவிட்டு மறுபடி. கடைசியில் தேன்மெழுகு கலந்த எண்ணெய் ஒரு பூச்சு. ஒன்றைக் கண்டிப்பாக நினைவில் வையுங்கள்: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிட்டுப் போடுங்கள்.

இப்போது வெளிநாட்டுக் கத்திகளில் ரெசின் ஏற்றிய மரப்பிடி பிரபலம். மரத்திலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து, நுண்துளைகளில் ரெசினை நிரப்பி இறுக்குகிறார்கள். தண்ணீர் உள்ளே போகாது. இதைப்போன்ற ஒன்றை இயற்கையும் செய்திருக்கிறது: எங்கள் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. 1940-இல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தது, சுமார் 12 கோடி ஆண்டுப் பழமை. அதில் மரத்தின் நுண்துளைகளுக்குள் மணற்சத்து ஏறிக் கல்லாயிற்று. அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு ரெசின் மரத்தின் சூட்சுமம் எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனாலும் வீட்டுக் கத்திக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றே சொல்வேன். எண்ணெய் ஊறிய வாகை, கவனித்துக்கொண்டால் பல வருடம் உழைக்கும்.

கவனிப்பு என்பதும் பெரிதில்லை. மரப்பிடிக் கத்தியைச் சிங்க்கில் ஊறப்போடக் கூடாது. பாத்திரம் கழுவும் மெஷினில் வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, காற்றாட வைக்க வேண்டும். கொல்லர் கத்தியாக இருந்தால் எலுமிச்சை, புளி பட்டவுடனே கழுவ வேண்டும். அலகில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் துரு வராது. பித்தளைப் பூணில் களிம்பு கட்டினால் புளி தேய்த்துக் கழுவி, அதையும் உடனே துடைத்துவிடலாம். பிடி வெளிறித் தெரியும்போது எண்ணெய் ஒரு பூச்சு.

வீட்டில் பிடி உடைந்த கத்தி இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அலகில் இன்னும் பல வருட உழைப்பு மிச்சம் இருக்கும். எங்கள் பக்கத்தில் இருப்பவர்கள் அரும்பாவூர்ப் பட்டறைகளில் ஒரு வாகைத் துண்டு கேட்டு வாங்குங்கள். தொலைவில் இருப்பவர்கள் உங்கள் ஊர்த் தச்சரிடம் கேளுங்கள். போகும்போது, அந்தக் கத்தியைத் தினமும் பிடிப்பவரின் உள்ளங்கை அளவை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.